வெள்ளைக்கோட்டுக்கு வெளியே

சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99. முக்கால்வாசி காட்டுக்குள்தான் நிற்கின்றன. அப்படியிருந்தும் 2022இல் இதே திருகோணமலையில் பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் நிண்டம். அப்ப கைகொடுத்தது சைக்கிள். உடம்புக்கு நல்லது, சூழலுக்கு நல்லது எண்டு ஆளாளுக்குப் புத்தி சொன்னாங்கள். கியூஆர் வந்தது, பெற்றோல் வந்தது, புத்தி போயிட்டுது.

இண்டைக்கு கன்னியாப் பக்கமோ கந்தளாய்ப் பக்கமோ சைக்கிளில் போய்ப் பாருங்கோ. நடுவில் வழுவழுப்பான கார்பெட் ரோட்டு. வெள்ளைக்கோட்டுக்கு அங்கால பல இடங்களில் சரளையும் பத்தையும்தான். பின்னால லொறி ஹோர்ன் அடிச்சா அதுக்குள்ள இறங்கவேணும். பொழுதுபட்டால் யானைப் பயம் வேறு.

ஹெல்மெட் போட்ட வெளிநாட்டுக்காரர் ஓடினால் அது ‘சாகசச் சுற்றுலா’. சாரத்தை மடிச்சுக் கட்டின அப்பு விறகோட வந்தால் ‘இடைஞ்சல்’. ரெண்டுபேரும் மிதிக்கிறது ஒரே ஏத்தம்.

நாங்கள் தனிப்பாதை கேட்கவில்லை. அடுத்தமுறை ரோட்டுப் போடேக்க, கோட்டுக்கு வெளியே ரெண்டு பக்கமும் ஒரு மீற்றர் தார் சமனாப் போடுங்கோ. மலையும் வளைவும் உள்ள இடத்தில் முதலில் போடுங்கோ. கரண்ட் போனால் மட்டும் தேடுற மெழுகுதிரி இல்லை சைக்கிள்.