குரலுக்கும் கடன்பெயரா?

மாந்தர் குரல் ஒரு தன்மைத்தன்று. ஆடவர் குரல்நாண் நீண்டு தடித்தது, ஆகலின் தாழ்ந்தொலிக்கும். பெண்டிர், சிறார் குரல்நாண் குறுகி மெல்லியது, ஆகலின் உயர்ந்தொலிக்கும். பேசுங்கால் ஆடவர் குரல்நாண் நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும், பெண்டிரது ஏறத்தாழ 200 முறையும் அதிரும். இவ்வேறுபாட்டை உணர்ந்தே பாடுவார் தத்தம் தொண்டைக்கு இயைய முதல் நரம்பை நிறுத்திக்கொள்வர். அம்முதல் நரம்பிற்குத் தமிழர் இட்ட பெயரே குரல். துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன அதனைத் தொடர்ந்தெழும்.

குரல் இயங்கும் நிலைகளுக்கும் நம்மிடம் பெயருண்டு. தாழ்நிலை மெலிவு, இடைநிலை சமன், மேல்நிலை வலிவு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இம்மூன்றையும் கூறும். நன்கு பயின்ற குரல் மெலிவின் இளி தொடங்கி வலிவின் இளி வரை இயங்கவல்லது.

இசைவகுப்பில் நிகழ்வது யாது? மந்தரம், மத்தியம், தாரம் என்று மாணவன் உருப்போடுகிறான். சிலம்பில் தாரம் ஏழாம் நரம்பு. இசைவகுப்பிலோ தாரம் மேல்நிலை. எந்தத் தாரம் என்று பிள்ளை மயங்காதா? மெலிவு, வலிவு என்றால் சொல்லே பொருளைக் காட்டுமே!

"ஆங்கிலேயரும் சொப்பிரானோ, ஆல்ட்டோ என இத்தாலியச் சொற்களைக் கடன் கொண்டனரே" என்பார் உளர். இல்லாதவன் கடன் வாங்கலாம். களஞ்சியம் நிறைந்தவன் ஏன் கையேந்த வேண்டும்? மேலைநாட்டு ஆர்மோனியப் பெட்டி இங்கு வந்தபோது அதன் விசைகளுக்குக் கட்டை என்று தமிழ்ப்பெயர் வழங்கியது. ஒரு கட்டை, ஐந்து கட்டை எனக் குரலை அளந்தனர். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் உயர்ந்த கட்டைக்குப் பெயர் பெற்றவர்கள். நாடகக் கொட்டகையில் வாழ்ந்த தமிழ்ச்சொல் இசைவகுப்பில் மட்டும் ஏன் வாழலாகாது?

சொல்லை இழந்ததோடு தீங்கு நிற்கவில்லை, பொருளையும் இழந்தோம். வகுப்பு முழுமைக்கும் ஆசிரியர் குரலே அளவாக ஒரே கட்டையை நாட்டுகின்றனர். எட்டாத பிள்ளை கத்துகிறது, தொண்டை புண்ணாகிறது. மகரக்கட்டு உடையும் பருவத்துச் சிறுவனை "இவனுக்குக் குரலில்லை" என்று ஒதுக்குகின்றனர். அவன் குரல் அழியவில்லை. ஏறத்தாழ ஒரு முழுநிலை தாழ்ந்து ஆடவர் குரலாகிறது. அப்பருவத்தில் வலிந்து பாடச் செய்யாது, சமனில் மென்மையாகப் பயிற்றினால் அது தேறும். ஒவ்வொருவருக்கும் அவரவர் குரலே முதல் நரம்பு என்னும் தமிழிசை முறையை அறிந்த ஆசிரியர் அவனை ஒதுக்குவாரா?

1917-இல் ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரம் தந்தார். 1947-இல் விபுலானந்த அடிகளாரின் யாழ்நூல் வெளிவந்தது. இதற்குப் பின்னும் தமிழில் இசைச்சொல் இல்லை என்பது அறியாமையன்று, அறிய விரும்பாமை.

தமிழ்ப் பெற்றோரே! உங்கள் பிள்ளை பயிலும் இசைப்பள்ளியில் இரண்டு கேளுங்கள்: மெலிவு, சமன், வலிவு என்று கற்பிக்கிறீர்களா? பிள்ளையின் குரலறிந்து கட்டையை நிறுத்துகிறீர்களா? மறுத்தால் வாளா திரும்பாதீர், மீண்டும் கேளுங்கள். பாடும் தொண்டை நம் பிள்ளையுடையது. அதற்குரிய சொல்லும் நம்முடையது.