விருப்பமும் விசைப்பலகையும்

தமிழை உரோமன் எழுத்தில் எழுதிச் செய்தி அனுப்புவது அவரவர் தனிப்பட்ட விருப்பம் என வாதிடுவோர் மாணவரிடையே பலருளர். விருப்பம் வானத்திலிருந்து வீழ்வதன்று. அதற்கும் பொருளியல் வரலாறு ஒன்றுண்டு.

1992 டிசெம்பர் 3 இல் இங்கிலாந்தில் முதலாவது குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அம்முறையில் ஒரு செய்தி 160 குறிகளைக் கொள்ளும். அவ்விடம் உரோமன் எழுத்துக்கே உரியது. தமிழில் எழுதின் அது 70 ஆகச் சுருங்கும். புள்ளியும் உயிர்க்குறியும்கூடத் தனித்தனியே எண்ணப்படும். 'பல்கலைக்கழகம்' கண்ணுக்கு 9 எழுத்து, கணக்குக்கு 13. சற்று நீண்ட செய்தி தமிழில் இரண்டாக உடைந்தது; கட்டணமும் இரட்டித்தது. அன்று உரோமன் எழுத்தை நாடியோரைக் குறைகூறுதல் நியாயமன்று.

இன்று வட்ஸ்அப்பில் அந்த எல்லை இல்லை. தமிழ் விசைப்பலகை இலவசமாகவே கிடைக்கின்றது. தடை நீங்கியபின்னும் நீங்காத பழக்கத்துக்கே 'விருப்பம்' என்னும் கௌரவப் பெயர் சூட்டப்பட்டுள்ளது. விரைவு என்பது இவர்தம் மற்றொரு வாதம். கலை, களை, காலை, காளை ஆகிய நான்கும் ஒரே வடிவில் வந்து நிற்கையில், பொருளைத் தேடி அலைபவர் பெறுபவரே. அனுப்புபவர் மீதப்படுத்தும் நேரம் அவரிடமிருந்து பறிக்கப்படுவதாகும். மேடையில் ழகரச் சிறப்பை முழங்குவோர் அக்கூட்டத்தின் அறிவித்தலையே உரோமன் எழுத்தில் அனுப்புவது விந்தையிலும் விந்தை!

மாணவர் தமக்குள் எவ்வாறேனும் எழுதிக்கொள்ளட்டும் எனலாம். ஆயின் அதே கை வீட்டுக்கும் அவ்வாறே எழுதுகின்றது. தமிழ் மட்டுமே வாசிக்கவல்ல பெற்றோர், பட்டப்படிப்புக்குச் சென்ற பிள்ளையின் செய்தியை அயல்வீட்டுச் சிறுவனைக் கொண்டு வாசிப்பித்து அறிகின்றனர்.