விஞ்ஞான முற்றம்: பொன்னும் காரீயமும்

பொன்னை நாம் தாலியாகவும் காப்பாகவும் அவசரத்துக்கு அடகுப் பொருளாகவும் அறிவோம். நோயறியும் பொருளாகவும் அது எமது வீடுகளுக்குள் வந்துவிட்டது. கர்ப்பத்தை வீட்டிலேயே அறியும் பட்டைகள் பலவற்றிலும், கொரோனாக் காலத்துச் சோதனைப் பட்டைகள் பலவற்றிலும் தோன்றும் சிவப்புக் கோடு நுண்ணிய பொன் துகள்களின் நிறமே.

மஞ்சட் பொன் சிவப்பாவது எப்படி? உலோகத்தினுள் இலத்திரன்கள் கட்டின்றி உலாவுகின்றன. ஒளி பட்டதும் அவை குளத்து நீர்போல் ஒன்றுசேர்ந்து அலையடிக்கின்றன. இவ்வலையே பிளாஸ்மன் எனப்படும். நுண்துகளில் இவ்வலை பச்சை ஒளியை விழுங்கிவிட, சிவப்பு எஞ்சுகிறது.

இதே இயல்பைக் கொண்டு உயிர் மூலக்கூறுகளை அறியலாமென 1983 இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினர். கண்ணாடியில் சுமார் 50 நனோமீற்றர் தடிப்பிற் பொன் பூசி, குறித்த கோணத்தில் ஒளியைச் செலுத்தினால், தெறித்து வரும் ஒளி மங்கும். பொன்னின்மேல் ஏதேனும் மூலக்கூறு ஒட்டினால் அக்கோணம் சற்றே மாறும். அம்மாற்றத்தை அளந்தால் ஒட்டியதை அறியலாம்.

ஆனால் பல உயிர் மூலக்கூறுகள் வெறும் பொன்னில் நன்றாக ஒட்டுவதில்லை. இங்குதான் கிரபீன் கைகொடுக்கிறது. பென்சிற் கூரிலும் இலங்கையின் போகலச் சுரங்கத்திலும் உள்ள காரீயம், காபன் ஏடுகளின் அடுக்காகும். அதிலிருந்து ஓர் அணுத் தடிப்புள்ள ஒற்றை ஏட்டை, 2004 இல் மான்செஸ்ரரில் அந்த்ரே கைம், கொன்ஸ்ரன்ரின் நொவொசெலொவ் ஆகியோர் சாதாரண ஒட்டுநாடாவால் உரித்தெடுத்தனர். 2010 இல் நோபல் பரிசும் பெற்றனர். தன்னூடு செல்லும் ஒளியில் 2.3 வீதத்தையே கிரபீன் உறிஞ்சும். ஆகவே பொன்னின் வேலையைப் பெரிதாகக் கெடுக்காது, வளைய அமைப்புள்ள மூலக்கூறுகளைப் பற்றிப் பிடிக்கிறது.

நோய் முற்றுமுன் ஒரு துளி இரத்தத்தில் அதன் தடயத்தைக் காண்பதே இம்முயற்சிகளின் நோக்கம். ஆயினும் கிரபீன் உணரிகள் இன்னமும் பெரும்பாலும் ஆய்வுகூடங்களிலேயே உள்ளன. எனவே கிரபீனின் பெயரைச் சொல்லி யாரும் நோய் தீர்க்கும் பொருளென்று விற்க வந்தால் ஏமாறவேண்டாம். இன்று எம்மிடமுள்ள காவல் வழமையான இரத்தப் பரிசோதனையே. அதற்கு அழைக்கும் கடிதத்தை, மொழி விளங்கவில்லையென்று மேசையில் ஒதுக்கிவிடாதீர்கள். விளங்கிய ஒருவரிடம் அன்றே காட்டி வாசித்தறியுங்கள்.