டீக்கடையில் இந்தி ஓகே, பலகையில் ஏன் கறுப்பு மை? கொங்கு மண்டலத்தின் மொழிப் போர் சொல்வது என்ன?

2025 பிப்ரவரி 23. பொள்ளாச்சி ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் இருந்த இந்தி எழுத்துகள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டன. வழக்கும் பதிவானது. அதே கோவை மாவட்டத்தில் துடியலூர் பக்கம் போனால், வடமாநிலத் தொழிலாளர்களிடம் கடைக்காரர்கள் அரைகுறை இந்தியில் பேசி வியாபாரம் பார்ப்பது சகஜம். அப்போ எதிர்ப்பு எதுக்கு?

'லாம்' என்ற சொல்லில் வந்த சண்டை

அரசியலமைப்பின் 343-வது பிரிவுப்படி இந்தி ஆட்சிமொழி. ஆங்கிலத்துக்கு 15 வருஷம்தான் அவகாசம். அந்தக் கெடு 1965 ஜனவரி 26-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் ஆங்கிலத்தைப் 'பயன்படுத்தலாம்' என்றது 1963 ஆட்சிமொழிச் சட்டம். 'பயன்படுத்த வேண்டும்' என்று சொல்லவில்லை. 'லாம்' என்றால் நாளைக்கு வேண்டாம் என்றும் டெல்லி முடிவெடுக்கலாம். மத்திய அரசுத் தேர்வு இந்தியில் நடந்தால், அதையே தாய்மொழியாகக் கொண்டவர்களோடு கோவை மாணவர் எப்படிப் போட்டி போடுவார்? மாணவர்களைத் தெருவுக்கு இழுத்ததில் இந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பொள்ளாச்சியில் என்ன நடந்தது?

1965 பிப்ரவரி 11-ல் மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தனர். சி.எஸ். பொள்ளாச்சி பக்கத்துக்காரர். அன்றே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். மறுநாள் பொள்ளாச்சியில் துப்பாக்கிச்சூடு. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசு சொன்ன கணக்கும் ஊர் சொல்லும் கணக்கும் இன்னைக்கு வரை ஒத்துப்போகவில்லை. சத்தியமங்கலம் முத்து, பீளமேடு தண்டபாணி போன்ற இளைஞர்கள் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

இது தமிழ் பேசுறவங்க பிரச்சினை மட்டுமா?

இல்லை. கோவையில் வீட்டுக்குள் தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. வாசலுக்கு வந்தால் அவர்களும் 'ஏனுங்க' போட்டுப் பேசும் கொங்கு மக்கள்தான். இந்தியில் தேர்வு வந்தால் பாதிப்பு அவர்களுக்கும் ஒன்றுதான்.

போராட்டம் எதை மாற்றியது?

1967 தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. அந்த வருஷக் கடைசியில் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் தீர்மானம் போட்டு, நாடாளுமன்றமும் ஏற்கும் வரை ஆங்கிலம் தொடரும். அதாவது, டெல்லி கையில் மட்டும் இருந்த சாவியில் மாநிலங்களுக்கும் பங்கு கிடைத்தது. 1968 ஜனவரி 23-ல் அண்ணா அரசு இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது.

இப்போ ஏன் மறுபடியும்?

புதிய கல்விக் கொள்கையை ஏற்காததால் பள்ளிக்கல்வி நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு 2025-ல் குற்றம்சாட்டியது. மூன்றாவது மொழி இந்தியாகத்தான் இருக்கணும்னு இல்லை என்பது மத்திய அரசின் பதில். ஆனா கேள்வி பழசுதான்: எந்த மொழி படிப்பது என்பதை யார் முடிவு செய்வது?

துடியலூர் கடைக்காரர் இந்தி கத்துக்கிட்டது அவரோட முடிவு. அவரிடம் டீ வாங்கும் பீகார் தொழிலாளி யார் மீதும் எதையும் திணிக்கவில்லை. சொல்லப்போனால், அவர் வீட்டில் பேசுவது போஜ்புரி என்றால், அதையே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்திக் கணக்கில்தான் சேர்க்கிறது. சட்டத்தின் மீதான கோபத்தை அவர் மீது காட்டினால், ஆள் மாறிப்போச்சு என்றுதான் அர்த்தம்.