விண்வெளியில் ஒரு பம்பரம்: ‘போர்’ அடிக்கும் வேலையில் கை வைத்தால் என்ன ஆகும்?

பூமியிலிருந்து சூரியன் இருக்கும் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, பம்பரம் போலச் சுற்றியபடி நிற்கிறது ஒரு விண்கலம். நிமிடத்துக்கு 5 சுற்று. பெயர் ஏஸ். நாசா அதை ஏவியது 1997 ஆகஸ்ட் 25-ம் தேதி. 5 வருஷம் தாக்குப்பிடித்தால் போதும் என்று அனுப்பப்பட்ட கலம், கால் நூற்றாண்டைத் தாண்டியும் ஓடியது.

அதன் வேலை சூரியக் காற்றை அளப்பது. சூரியன் இடைவிடாமல் ஊதித் தள்ளும் மின்னேற்றத் துகள்களின் வேகம் என்ன, அடர்த்தி என்ன, கூடவே வரும் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும். அந்தத் தகவல் ரேடியோ அலையாக 5 வினாடியில் பூமிக்கு வந்துவிடும். துகள்கள் அவ்வளவு வேகம் கிடையாது. வினாடிக்கு 400 கிலோமீட்டர் என்றால் வந்து சேர ஒரு மணி நேரம். பெரிய புயல் 800 கிலோமீட்டரில் வந்தால் அரை மணி நேரம்தான்.

அரை மணி நேரத்தில் என்ன செய்துவிட முடியும்? மின்தொகுப்பை நடத்துபவர்களிடம் கேட்டால் தெரியும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சூரியப் புயலால் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருட்டில் கிடந்தார்கள். 2024 மே மாதப் புயலில் அமெரிக்க விவசாயிகளின் ஜிபிஎஸ் டிராக்டர்கள் விதைக்கும் சீசனில் தடுமாறின. உங்கள் போனில் இருக்கும் மேப்பும் அதே ஜிபிஎஸ்ஸை நம்பித்தான் ஓடுகிறது.

திருப்பி நிறுத்துவதே ஒரு வேலை

சுழலும் பம்பரம் தன் அச்சை விட்டு நகராது. ஏஸ் நிலையாக நிற்பதும் அதனால்தான், சிக்கலும் அதில்தான். பூமியோடு சேர்ந்து ஏஸும் வருஷத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. அச்சு அப்படியே நிற்க, சூரியனும் பூமியும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி விலகிப் போகின்றன. ஒரு வாரம் சும்மா விட்டால் 7 டிகிரி. ஆன்டெனா பூமியை விட்டு வேறெங்கோ பார்க்க ஆரம்பித்துவிடும்.

அதனால் சில நாட்களுக்கு ஒருமுறை தரையிலிருந்து கட்டளை போகும். சின்ன உந்திகள் ஹைட்ரசீனைத் துளித்துளியாகப் பீய்ச்சி அச்சைக் கொஞ்சம் திருப்பும். அது போக, எல்-1 என்ற அந்த இடம் மலை உச்சியில் வைத்த கோலிக்குண்டு மாதிரி. அவ்வப்போது தட்டிக்கொடுக்காவிட்டால் உருண்டுவிடும். இப்படியே வருஷக்கணக்காக. பிரேக்கிங் நியூஸ் கிடையாது, கைதட்டல் கிடையாது.

நல்ல கருவியை அணைத்த கதை

செலவைக் குறைக்கச் சொன்னால் நிர்வாகங்களின் கண் முதலில் போவது இந்த மாதிரி ‘ரொட்டீன்’ வேலைகள் மேல்தான். அங்கே மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு சோஹோ ஒன்றே போதும். ஐரோப்பாவும் நாசாவும் சேர்ந்து 1995-ல் அனுப்பிய, அதே எல்-1 பகுதியில் இருக்கும் கலம் அது.

1998 ஜூன் இறுதியில் அதில் நடந்தது வழக்கமான பராமரிப்புதான். கலம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லும் கைரோக்களைச் சரிபார்க்கும் வேலை. நேரத்தை மிச்சப்படுத்தக் கட்டளைத் தொடரைச் சுருக்கியிருந்தார்கள். கைரோக்களின் ஆயுளைக் காக்க அதில் மாற்றமும் செய்திருந்தார்கள். அந்த மாற்றத்தில், அவசர காலத்துக்குத் தேவையான ஒரு கைரோவை மறுபடி இயக்கும் கட்டளை விட்டுப்போனது. கலம் தடுமாறியபோது, அணைந்து கிடந்த கைரோவும் ஓடிக்கொண்டிருந்த கைரோவும் வேறு வேறு கணக்கைக் காட்டின. ஓடிக்கொண்டிருந்ததுதான் பழுது என்று முடிவு செய்து அதையும் அணைத்தார்கள். உண்மையில் நன்றாக இருந்தது அதுதான். ஜூன் 25-ம் தேதி தொடர்பு அறுந்தது.

ஜூலை 23-ம் தேதி அரெசிபோ ராடார் மூலம் கண்டுபிடித்து, உறைந்து கிடந்த எரிபொருளை உருக்கி, செப்டம்பர் 16-ம் தேதி மறுபடி சூரியனைப் பார்க்கத் திருப்பினார்கள். விண்வெளி வரலாற்றின் அருமையான மீட்புகளில் ஒன்று, சந்தேகமில்லை. ஆனால் விசாரணைக் குழு சொன்னது வேறு: கலத்தில் கோளாறு எதுவும் இல்லை, தவறுகள் எல்லாம் தரையில். அளவுக்கு மீறிய வேலைப்பளுவில் இருந்த குழு என்பதும் காரணங்களில் ஒன்று.

2019 ஜூன் 27-ல் டிஸ்கவர் என்ற இளைய கலம் நோக்குநிலைக் கோளாறால் முடங்கியது. நட்சத்திரங்களை மட்டுமே பார்த்துத் திசை பிடிக்கும் புதிய மென்பொருளை எழுதி அனுப்பி, 2020 மார்ச்சில்தான் மீட்டார்கள். அந்த எட்டு மாதமும் சூரியக் காற்றின் முதன்மைத் தகவலைத் தந்தது யார்? 1997-ல் போன அதே கிழட்டு ஏஸ். ‘பழசுக்கு எதுக்குச் செலவு’ என்று அதை முன்பே கைகழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்தியாவுக்கும் இது பொருந்தும். ஆதித்யா எல்-1 புறப்பட்ட 2023 செப்டம்பர் 2-ம் தேதி, திட்ட இயக்குநர் நிகர் ஷாஜியின் செங்கோட்டை வரை கேமராக்கள் போயின. 2024-ல் பிப்ரவரி 22, ஜூன் 7, ஜூலை 2 என மூன்று முறை உந்திகளை இயக்கி, கலத்தை ஒளிவட்டப் பாதையில் பிடித்து வைத்தார்களே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? ஊடகங்களும் இதில் குற்றவாளிதான்.

ஆதித்யாவின் திட்டமிட்ட ஆயுள் 5 ஆண்டு. ஏஸ் போல அதுவும் தாண்டி ஓட வாய்ப்பு உண்டு. அப்போது அதைத் திருப்பி நிறுத்தப் போகும் குழுவுக்கான ஆட்களையும் பணத்தையும், அடுத்த கலம் எப்போது என்பதையும் இஸ்ரோ இப்போதே அறிவிக்க வேண்டும். ஐந்தாவது வருஷத்தில் அவசரமாக உட்கார்ந்து பேசும் விஷயமல்ல இது.