எடை 100 கிலோவுக்கு மேலயா? சைக்கிள் பட்ஜெட்ல கால் பங்கை தனியா எடுத்து வைங்க



வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷத்துல சம்பளத்தோட சேர்ந்து எடையும் ஏறிடுது. ஒருநாள் மெஷின்ல 100ஐத் தாண்டினதும், "சரி, சைக்கிள் வாங்கிடலாம்"னு முடிவு பண்றோம். கடைக்குப் போனா ரெண்டு பதில்ல ஒண்ணு கிடைக்கும். "எல்லா சைக்கிளும் தாங்கும் சார்." இல்லன்னா, "முதல்ல கொஞ்சம் வெயிட்டைக் குறைச்சுட்டு வாங்க சார்."

ரெண்டுமே தப்பு. 110 கிலோ ஆளுக்கு நல்ல மவுண்டன் பைக் தாராளமா ஒத்துவரும். அகலமான டயர், கனமான ஃப்ரேம், ஏத்தத்துல மிதிக்க லேசான கியர் எல்லாம் அதுல இருக்கு. மலைக்கே போகாதவங்களுக்கும் நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கரும் மழைக்காலப் பள்ளமும் போதும், அதோட அருமை தெரியும். ஆனா ஷோரூம்ல நிக்கிற சைக்கிள் பெரும்பாலும் 70, 75 கிலோ ஆளை மனசுல வச்சு செட் பண்ணினது. அதை அப்படியே ஓட்டிட்டு வந்தா, ஆறு மாசத்துல பால்கனில துணி காயப்போடத்தான் உதவும்.

அதனால என் கருத்து இதுதான்: பட்ஜெட்ல முக்கால் பங்குக்கு சைக்கிள் வாங்குங்க. கால் பங்கை அதை உங்க எடைக்கு ஏத்த மாதிரி மாத்துறதுக்கு வைங்க. 40,000 ரூபாய் பட்ஜெட்னா சைக்கிள் பில் 30,000ஐத் தாண்டக் கூடாது.

முன்னாடி இருக்கிற ஷாக்கைப் பார்த்து மயங்காதீங்க

கடையில முதல்ல காட்டுறது முன்பக்க சஸ்பென்ஷனைத்தான். விலை குறைஞ்ச மாடல்கள்ல உள்ளே இருக்கிறது வெறும் காயில் ஸ்பிரிங். சராசரி எடைக்குப் போட்ட ஸ்பிரிங் அது. 110 கிலோ ஆள் உட்கார்ந்தா பாதி வழி அமுங்கிடும், பள்ளம் வந்தா 'டங்'னு அடியில போய் முட்டும். மேல ஒரு திருகு இருக்கே, அதைத் திருகினா கெட்டியாகும்னு சொல்வாங்க. அது ஸ்பிரிங்கைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தி வைக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கோட பலம் மாறாது.

ஏர் ஃபோர்க்னா கதை வேற. உங்க எடைக்குத் தகுந்த மாதிரி காத்து அடிச்சுக்கலாம். 100 மில்லிமீட்டர் ஃபோர்க்ல நீங்க ஏறி உட்கார்ந்ததும் 20 முதல் 25 மில்லிமீட்டர் அமுங்கினா சரியான அளவு. ஆனா ஏர் ஃபோர்க் வர்ற சைக்கிளோட விலையும் ஒரு படி மேல. அந்த பட்ஜெட் இல்லன்னா, சஸ்பென்ஷனே இல்லாத ஃபோர்க் இருக்கிற மாடலைத் தேடுங்க. இல்லன்னா லாக் பண்ற வசதியாவது இருக்கணும். விலை குறைஞ்ச, பின்னாடியும் ஷாக் வச்ச சைக்கிள் பக்கமே போகாதீங்க. மிதிக்கிற சக்தியில ஒரு பங்கை அதுவே தின்னும்.

உடையறது பின் சக்கரம்தான்

உங்க எடையில பாதிக்கு மேல பின் சக்கரத்துலதான் இறங்குது. ஆனா அதைப் பத்தி கடையில யாரும் பேச மாட்டாங்க. மூணு விஷயம் பாருங்க.

முதல்ல ரிம். 'டபுள் வால்' ரிம்தான் வேணும். ஒத்தைச் சுவர் ரிம் பள்ளத்துல சீக்கிரம் நெளியும். ரெண்டாவது ஸ்போக்ஸ். குறைஞ்சது 32, முடிஞ்சா 36. மூணாவது ஹப். 7 கியர் வரைக்கும் உள்ள சைக்கிள்கள்ல பெரும்பாலும் ஃப்ரீவீல் டைப்தான். அதுல வலது பக்க பேரிங் கியருக்கு உள்பக்கமா தள்ளி இருக்கும். அதனால ஆக்ஸிலோட ஒரு நீளம் தாங்கல் இல்லாம நிக்குது. கனமான ஆள் பள்ளத்துல இறங்க இறங்க அந்த இடம் வளையும், சில சமயம் உடையும். கேசட் டைப் ஹப்ல பேரிங் நல்லா ஓரத்துல இருக்கிறதால இந்தப் பிரச்சினை ரொம்பக் குறைவு.

கேசட் ஹப்பும் டபுள் வால் ரிம்மும் ஏற்கெனவே இருந்தா புது சக்கரம் தேவையில்லை. நல்ல மெக்கானிக்கிட்ட கொடுத்து எல்லா ஸ்போக்ஸையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. ஸ்போக்ஸ் உடையறது பெரும்பாலும் ஒரே அடியில இல்ல. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஆடி, ஹப் பக்கம் வளைஞ்சிருக்கிற இடத்துல களைச்சுப் போய் உடையுது. முதல் 150, 200 கிலோமீட்டர் ஓட்டினதும் இன்னொரு தடவை இறுக்கம் பாருங்க. கூலி சில நூறு ரூபாய்தான், ஆனா இந்தக் கட்டுரையிலேயே அதிக லாபம் தர்ற செலவு அதுதான். மூணாவது கம்பியும் உடைஞ்சா ஒத்தைக் கம்பியா மாத்திட்டு இருக்காதீங்க. முழு சக்கரத்தையும் புதுக் கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்க.

கணக்குல விடுபடுற எடை

ஒவ்வொரு சைக்கிளுக்கும் கம்பெனி ஒரு அதிகபட்ச எடை சொல்லும். பல கம்பெனிகள் சொல்றது உங்க எடையை மட்டும் இல்ல. ஆள், பை, சில கம்பெனிகள்ல சைக்கிளும் சேர்த்து. உதாரணமா ட்ரெக் தன்னோட பல மவுண்டன் மாடல்களுக்கு எல்லாம் சேர்த்து 136 கிலோன்னு சொல்லுது. நீங்க 110, சைக்கிள் 15, லேப்டாப் பை 5. மொத்தம் 130. இதே கணக்குல 120 கிலோ வரம்பு உள்ள சைக்கிள் உங்களுக்கு இல்ல. வரம்பைத் தாண்டினா வாரண்டி கேட்டுப் போகும்போது பதில் என்னவா இருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை.

வாங்கின வாரமே செய்ய வேண்டியது

- டயர் 2.2 இன்ச்சுன்னா, பின்னாடி 40 பிஎஸ்ஐ பக்கம், முன்னாடி அதைவிட 5 குறைச்சு ஆரம்பிங்க. டயர் பக்கவாட்டுல எழுதியிருக்கிற அளவைத் தாண்ட வேண்டாம். காத்து குறைஞ்சா டியூப் ரிம்முல நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். கேஜ் வச்ச பம்ப் ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்.
- சீட் தண்டுல ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியுற அளவுக்குத் தூக்காதீங்க. தூக்கித்தான் ஆகணும்னா ஃப்ரேம் சைஸே சின்னது.
- டிஸ்க் பிரேக் கட்டாயம். ஃபோர்க் அனுமதிச்சா முன் டிஸ்க்கை 160ல இருந்து 180 மில்லிமீட்டருக்கு மாத்துங்க. கனமான வண்டியை நிறுத்த அந்த வித்தியாசம் தெரியும்.
- பிளாஸ்டிக் பெடலை மாத்திட்டு அலாய் பெடல் போடுங்க.

இஎம்ஐ வேண்டாம், நாலு மாசம் பொறுங்க

'நோ காஸ்ட்' இஎம்ஐயில 36,000 ரூபாயை 12 மாசத்துக்குப் போட்டா மாசம் 3,000தானேன்னு தோணும். உள்ளே வட்டி இருக்கு. அதைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிக்கிறார். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையிலதான். வட்டி 15 சதவீதம்னு வச்சா, வரி மட்டும் கிட்டத்தட்ட 500 ரூபாய். ப்ராசசிங் கட்டணம் தனி. நம்ம பின் சக்கரத்தை இறுக்குற கூலி அங்கேயே போயிடுச்சு.

மாசம் 10,000 எடுத்து வச்சா நாலு மாசத்துல 40,000. இன்னொரு நல்ல விஷயம், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. வரிக்கு முந்தின விலை 30,000னா 2,100 ரூபாய் மிச்சம். அதை ஹெல்மெட்டுக்கும் லைட்டுக்கும் போடுங்க. அதே காசுக்கு ஒரு மாடல் மேல போகலாம்னு கடையில சொல்வாங்க, போகாதீங்க.

கடைசியா ஒரு கணக்கு. 40,000 ரூபாய் சைக்கிளை 20 நாள் ஓட்டிட்டு நிறுத்தினா ஒரு நாளுக்கு 2,000 ரூபாய். 400 நாள் ஓட்டினா 100 ரூபாய். முதல் மாசமே கம்பி உடைஞ்சு, நடுரோட்டுல சைக்கிளைத் தள்ளிட்டு வந்தா, "என் உடம்புக்கு இது சரிப்படாது"ன்னு மனசு சொல்லிடும். தப்பு உங்க உடம்புல இல்ல, அந்தச் சக்கரத்துலதான். கடைக்குப் போனதும் கலரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, "மேக்ஸிமம் வெயிட் எவ்வளவு? ரிம் டபுள் வாலா? பின்னாடி கேசட்டா, ஃப்ரீவீலா?"ன்னு கேளுங்க. மூணுக்கும் பதில் தெரியாத கடையில கார்டை வெளியே எடுக்காதீங்க.