உனக்குக் கீழ எத்தனை பேர்?

போன மாசம் ஊர்ல ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்துல உட்கார்ந்த தூரத்துப் பெரியப்பா ஒருத்தர் "தம்பி என்ன பண்றே இப்போ?"ன்னு கேட்டார். கன்சல்டன்டா இருக்கேன்னு சொன்னேன். சாம்பார் சாதம் பிசையறதை நிறுத்திட்டு, "அட, நம்ம சின்னவனுக்கு ஒரு வேலை பாத்துக் குடேன்ப்பா"ன்னார். அவர் மேல தப்பில்லை. நம்ம ஊர்ல கன்சல்டன்சின்னா அட்வான்ஸ் வாங்கிட்டு வேலை போட்டுத் தர்றேன்னு சொல்ற மாடி ரூம்தானே :-)

ஒருவழியா விளக்கி முடிச்சதும் அடுத்த கேள்வி. "உனக்குக் கீழ எத்தனை பேர்?" யாரும் இல்லைன்னேன். அதோட அவர் ரசத்துக்குப் போயிட்டார்.

சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா அடுத்த வாரமே ஆபீஸ்லயும் இதே கேள்வி, கொஞ்சம் நாகரிகமா. "ஆறு வருஷம் ஆச்சு. அடுத்து லீட், அப்புறம் மேனேஜர். என்ன சொல்றே?" இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். அதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் சுயபுராணம். படிச்சது மெக்கானிக்கல். கேம்பஸ்ல எடுத்தது சாப்ட்வேர் கம்பெனி. பெஞ்ச்ல ரெண்டு மாசம் தேய்ச்சப்புறம் எஸ்.ஏ.பி.ல எம்.எம். மாட்யூல்னு தள்ளி விட்டாங்க. தெரியாதவங்களுக்கு: ஒரு கம்பெனி பொருள் வாங்கறது, ஸ்டோர்ஸ்ல வைக்கறது, எடுத்துக் கொடுக்கறது, பில்லுக்குப் பணம் கொடுக்க விடறது, இதெல்லாம் அந்த மாட்யூல்ல வரும். ஆர்டர், வந்த சரக்கு, பில் மூணும் ஒத்துப் போகுதான்னு பாக்கறதுதான் இதுல உயிர்நாடி. மளிகைக் கடை அண்ணாச்சி தினமும் மனசுல பண்ற கணக்குதான். நாங்க அதுக்குக் கோட் நம்பர் போட்டுக் காசு வாங்கறோம்.

முதல் ரெண்டு வருஷம் நானும் டி-கோடு மனப்பாடம் பண்ணி சர்டிபிகேட் வாங்கினவன்தான். 2022-ல ஒரகடம் பக்கம் ஒரு பாக்டரி ப்ராஜெக்ட்ல அந்த மப்பு இறங்குச்சு. அங்க தினமும் காலையில ஒரே புகார். ராத்திரி ஷிப்ட்ல செலவான சாமானை 261 போட்டுக் கணக்குல கழிக்கப் போனா, கையிருப்பு பத்தலைன்னு சிஸ்டம் கத்தும். ஆனா சாமான் செலவாகி வண்டியே ரெடியா நிக்குது! "இந்த எர்ரர் வரக்கூடாது"ன்னு கஸ்டமர் ஒரே வரியில சொல்லிட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல வழி கண்டுபிடிச்சேன். கையிருப்பு மைனஸ்ல போகலாம்னு செட்டிங்ல அனுமதிச்சா எர்ரர் வராது. மெயிலும் டைப் பண்ணிட்டேன்.

அனுப்பறதுக்கு முன்னாடி ஸ்டோர்ஸ் அண்ணன் கிட்ட சும்மா காட்டினேன். இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ் அவருக்கு. பாத்துட்டு, "தம்பி, ஒரு ராத்திரி இங்க தங்கிப் பாருங்க. அப்புறம் அனுப்புங்க"ன்னார்.

தங்கினேன். ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு லாரி வருது. செக்யூரிட்டி கேட்ல நோட்டுல எழுதறார். போர்க்லிப்ட்காரர் இறக்கறார். லைன்ல சாமான் இல்லைன்னு சூப்பர்வைசர் நேரா எடுத்துட்டுப் போயிடறார். ஸ்டோர்ஸ்ல ராத்திரி ஆளே கிடையாது. சரக்கு வந்ததுன்னு 101 போடறது காலையில எட்டரைக்கு. ஷிப்ட் முடியறது ஆறு மணிக்கு. சிஸ்டம் சரியாத்தான் கத்தியிருக்கு. நான் அதோட வாயைக் கட்டப் பாத்திருக்கேன். மைனஸ் விட்டிருந்தா, பொருள் விலைக் கணக்கு கோணி, வருஷக் கடைசியில ஆடிட்டர் முன்னாடி அந்த அண்ணன்தான் கைகட்டி நின்னிருப்பார்.

கடைசியில செஞ்சது இவ்வளவுதான். பரிசோதனை தேவைப்படாத நட்டு, போல்ட், பேக்கிங் சாமானுக்கு மட்டும் ராத்திரி சூப்பர்வைசரே 101 போட அனுமதி. கூட அரைப்பக்கத்துல தமிழ்ல ஒரு குறிப்பு. புகார் நின்னுடுச்சு.

காமெடி என்னன்னா, அந்த ராத்திரியை டைம்ஷீட்ல போட இடமே இல்லை. "அங்க போய் என்ன ஆணி புடுங்கினே?"ன்னு கேட்டாங்க. அந்த வருஷ அப்ரைசல்ல எழுதியிருந்தது நான் எடுத்த ரெண்டு சர்டிபிகேட் பத்தித்தான்.

இதுல யாரையும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. சர்வீஸ் கம்பெனி ஓடறதே பிரமிட் கணக்குல. மணிக்கு இவ்வளவுன்னு கஸ்டமர் கிட்ட வாங்கறாங்க. புதுசா வந்த பசங்க சம்பளம் கம்மி, லாபம் அங்கதான். வருஷம் ஏற ஏற நம்ம சம்பளம் ஏறும், கஸ்டமர் தர்ற ரேட் அதே வேகத்துல ஏறாது. அப்போ நமக்குக் கீழ பத்துப் பேரைப் போட்டாதான் கணக்கு நேராகும். பெரியப்பா கேட்ட கேள்வியும் கம்பெனி எக்ஸெலும் ஒண்ணேதான்னு அப்போதான் புரிஞ்சுது. மேனேஜர் வேலை லேசுன்னும் சொல்ல மாட்டேன். முதல் வருஷம் நான் லைவ் சிஸ்டத்துல பண்ணின ஒரு சொதப்பலுக்கு, என் மேனேஜர்தான் கஸ்டமர் திட்டை மொத்தமா வாங்கிக்கிட்டார். அந்தப் பொறுமை என்கிட்ட இல்லை.

"டெக்னிக்கலாவே இருந்தா சாப்ட்வேர் மாறும்போது காலி"ன்னு சொல்றாங்க. மாறத்தான் செய்யுது. எஸ்.ஏ.பி.யை 1972-ல ஜெர்மனியில ஐ.பி.எம்.ல இருந்து வந்த ஐந்து பேர் ஆரம்பிச்சாங்க, அப்புறம் எத்தனை அவதாரம்! பழைய இ.சி.சி.க்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோட சரின்னு சொல்லிட்டதால எல்லாரும் எஸ்/4 ஹானாவுக்கு ஓடறாங்க. அங்க நான் உருப்போட்ட எம்பி1ஏ, எம்பி1பி எல்லாம் போச்சு, எல்லாத்துக்கும் மிகோதான். செட்டிங் டாக்குமென்ட் எழுத ஏ.ஐ. வேற வந்தாச்சு. என்னை விட வேகமாவே எழுதுது. நான் ரெண்டு மணி நேரத்துல கண்டுபிடிச்ச மைனஸ் ஐடியாவை அது ரெண்டு நிமிஷத்துல சொல்லும். ஆனா ராத்திரி ஒண்ணே முக்காலுக்குக் கேட்ல நிக்காது. 101-ம் அப்படியே இருக்கு, லாரியும் அப்படியேதான் வருது.

என் கட்சி இதுதான். கன்சல்டன்ட் வளர வேண்டியது ஆள் எண்ணிக்கையில இல்லை, கஸ்டமர் தொழிலைத் தெரிஞ்சுக்கறதுல. எம்.எம்.ல இருந்து தயாரிப்பு, அப்புறம் தரக் கட்டுப்பாடு, கொஞ்சம் காஸ்ட் கணக்குன்னு பக்கவாட்டுல போகணும்னு ஆசை. மெக்கானிக்கல் படிப்பும் அப்பவாச்சும் உபயோகப்படும். சம்பளம் மெதுவாத்தான் ஏறும். வீட்டுல பொண்ணு பாத்துட்டிருக்காங்க, அங்கயும் "கீழ எத்தனை பேர்"னு வரும். அம்மா இப்பவே "டீம் லீடர்"னு சொல்ல ஆரம்பிச்சாச்சு. நான் மறுக்கலை, ஹிஹி.

தைரியமாப் பேசினாலும் உள்ளுக்குள்ள உதறல் இருக்கு. காரணம், நான் இருக்கற ஆபீஸ்ல நாற்பத்தஞ்சு வயசுல மேனேஜர் ஆகாத கன்சல்டன்ட் ஒருத்தரைக் கூட நான் பாத்ததில்லை. பொட்டி தட்டுற மக்களே, உங்க ஆபீஸ்ல அப்படி யாராவது இருக்காங்களா? எப்படி இருக்காங்க? சந்தோஷமா இருக்காங்களா, இல்ல போக்கிடம் இல்லாம இருக்காங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க. மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு.